பெக்கப் லொக்கில "முடிஞ்சிது" என்டு கிடந்தா நம்பிப் படுக்கலாமா?

நோன்புப் பெருநாளுக்கு ரெண்டு கிழமை இரிக்கக்குள்ள கல்முனையில உடுப்புக் கடை வச்சிருக்கிற காக்கா ஒராள் விடியக்காலையில கோல் எடுத்தார், "தம்பி, சைட்டில ஓடர் ஒண்டையும் காணல்ல, எல்லாம் வெறுசாக் கிடக்கு" என்டு. எனக்கு அந்த நேரம் பெரிசா பயம் வரல்ல, ஏனென்டா ராவைக்கு ராவு பெக்கப் ஓடுது, லொக்கை (நடந்ததை வரி வரியா எழுதி வைக்கிற ஃபைல்) நானே கிழமைக்கு ஒருக்காத் திறந்து பாக்கிறனான், வரிக்கு வரி "பெக்கப் முடிஞ்சிது" என்டுதான் இரிக்கும். சேர்வருக்குள்ள போய் ஃபைல் லிஸ்டை எடுத்தன். முப்பது நாளைக்கு முப்பது ஃபைல், எல்லாம் ஒழுங்காத் திகதி போட்டு வரிசையா நிக்குது, ஆனா சைஸ் காட்டுற இடத்தில மேலிருந்து கீழ வரைக்கும் 20, 20, 20. எம்பி இல்ல, பைட். ஒண்டுமே இல்லாததை ஜிசிப் (ஃபைலைச் சுருக்கிற டூல்) பண்ணினா வாற ஃபைல்ட சைஸ் அது.

நடந்தது இதுதான். ஹொஸ்டிங் பக்கம் ஏதோ மாத்தம் செஞ்சி டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மாறிட்டு, பெக்கப் எடுக்கிற ஸ்கிரிப்டில பழசுதான் கிடந்திச்சு. டேட்டாபேஸைக் கொப்பி எடுக்கிற மைஎஸ்கியூஎல்டம்ப் உள்ளுக்குப் போக ஏலாம நிண்டுட்டு, ஆனா அதுட அவுட்புட்டை வாங்கிச் சுருக்கிற ஜிசிப்புக்கு எந்தப் பிரச்சினையும் இல்ல, அது வெறுமையைச் சுருக்கி வச்சிட்டு வேலை சரி என்டு சொல்லிரும். பைப் போட்டு ரெண்டு கமாண்டைச் சேத்தா, அதை ஓட்டுற ஷெல் கடைசிக் கமாண்டுட பதிலைத்தான் எடுக்கும், அதால ஸ்கிரிப்டும் "முடிஞ்சிது" என்டு லொக்கில எழுதிட்டு. பாஷ் ஸ்கிரிப்ட் என்டா மேல 'செட் ஹைபன் ஓ பைப்ஃபெயில்' (set -o pipefail, இடையில ஒண்டு தோத்தாலும் தோத்ததா எடுக்கும்) என்ட ஒரே ஒரு வரி போட்டிருந்தா அண்டைக்கே பிடிபட்டிருக்கும். அதோட, மெயில் அடிக்கடி வருது என்டு பிழைச் செய்தியளை டெவ் நல்லுக்கு (எது போட்டாலும் காணாமப் போற இடம்) திருப்பி விட்டிருந்தன், அதைத் தயவுசெய்து ஆரும் செய்யாதீங்க, கிறோன் (சொன்ன நேரத்துக்கு வேலையை ஓட்டி விடுற டூல்) அனுப்புற அந்த மெயில்தான் முதலாவது சத்தம்.

அதைவிடப் பெரிய நட்டம் இனித்தான். முப்பது நாளைக்கு மேற்பட்ட ஃபைலை அழிக்கச் சொல்லி அதே ஸ்கிரிப்டில எழுதியிருந்திச்சு. பாஸ்வேர்ட் மாறி 43 நாள், ஹொஸ்டிங்காரர்ட மெயில் திகதியைப் பாத்துத்தான் அதைக் கணக்குப் பண்ணினன். நல்ல கொப்பி ஒவ்வொண்டா அழிய அழிய வெறும் ஃபைல் ஒவ்வொண்டா வந்து இடத்தைப் பிடிச்சிருக்கு, லொக்கில அந்த அழிப்பும் எழுதித்தான் இரிக்கு, நான் "முடிஞ்சிது"வை மட்டும் தேடின படியால் கண்ணில படல்ல. பழசை அழிக்க முதல் புதிசு சரியா என்டு பாக்கணும், சைஸ் நேத்தையான்ட பாதிக்குக் கீழ போனா அழிக்கிற வேலையே நடக்கக் கூடாது. டம்ப் ஃபைல்ட கடைசி வரியில "டம்ப் கம்ப்ளீட்டட்" என்டு திகதியோட மைஎஸ்கியூஎல்டம்ப் தானே எழுதும், அந்த வரி இல்லாட்டி அது அரைகுறை. காக்காட ஓடர்களை நாங்க மெயிலிலயும் வட்ஸ்அப்பிலயும் இருந்து பொறுக்கி, அவருட மகளும் நானும் மூணு நாள் இருந்து கையால அடிச்சம்.

பெரிய இடத்திலயும் இப்பிடித்தான். 2017 ஜனவரி 31 கிட்லாப்பில (புரோகிராம் கோட் சேத்து வைக்கிற பெரிய சேவை) ஒராள் பிழையான சேர்வரில டேட்டாபேஸை அழிச்சிட்டார். பெக்கப் எடுக்கலாம் என்டு போய்ப் பாத்தா பெக்கப் போய்ச் சேர வேண்டிய அமேசான் எஸ்3 பக்கெட் வெறுமை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்த டூல் 9.2, ஒத்து வராமத் தோத்துத் தோத்துத்தான் இருந்திருக்கு. தோத்தது என்டு கிறோன் மெயிலும் போட்டிருக்கு, ஆனா டிமார்க் (மெயில் உண்மையா அவங்கட இடத்தில இருந்துதான் வருதா என்டு பாக்கிற முறை) சரியா இல்லாத படியால் அந்த மெயிலை வாங்கிற பக்கம் தள்ளி விட்டிரிக்கு. கிட்டத்தட்ட ஆறு மணித்தியால டேட்டா போச்சு. அலேர்ட் செட் பண்ணிட்டம் என்டு இரிக்கிறாக்கள் ஒருக்கா வேணுமென்டே பாஸ்வேர்டைப் பிழையாப் போட்டு, மெயில் உண்மையா இன்பொக்ஸுக்கு வந்து விழுதா என்டு பாருங்க.

இதுக்குள்ளதான் எனக்குப் பெரிசாப் படுற விசயம் இரிக்கு. நாம லொக்கில இரிக்கிறதைத்தான் வாசிக்கிறம், இல்லாததை வாசிக்கிறல்ல. எங்கட அப்பா வட்டையில (வயல்ல) யானைக் காவலுக்குப் படுக்கிற நேரம் பக்கத்துப் பரணில இரிக்கிறவர் இடைக்கிடை கூக் குடுப்பார், இவரும் திருப்பிக் குடுப்பார். சத்தம் வந்தா ஆரும் எழும்பிறல்ல, கன நேரம் சத்தம் வராட்டித்தான் டோர்ச்சைத் தூக்கிட்டு எழும்பிப் போவாங்க. பெக்கப்பும் அப்பிடித்தான், சேர்வர் ஓஃப் ஆகிக் கிடந்தாலோ கிறோன் வரியை ஆரும் தெரியாம அழிச்சிட்டாலோ "தோத்துப் போச்சு" என்டு எழுத அங்க ஒண்டும் இல்ல. ஹெல்த்செக்ஸ் மாதிரி ஒரு சேவையை வச்சிக்கிங்க, பெக்கப் முடிய ஒரு லிங்கைத் தட்டும், சொன்ன நேரத்துக்குள்ள தட்டல்ல என்டா அது உங்களுக்குச் சொல்லும். வேர்ட்பிரஸ் பிளக்கினால பெக்கப் எடுக்கிறாக்களுக்கு இது இன்னும் முக்கியம், வேர்ட்பிரஸ்ட கிறோன் ஆராவது சைட்டுக்கு வந்தாத்தான் ஓடும், எங்கட பக்கக் கோயில் ஒண்டுட சைட்டுக்குத் திருவிழா நாளையில மட்டும்தான் ஆக்கள் வருவாங்க, மத்த மாசமெல்லாம் பெக்கப் ஆராவது வந்த நேரத்துக்குத்தான் ஓடிச்சு. சேர்வர்ட சொந்தக் கிறோனுக்கு மாத்தினாப் பிறகுதான் சரி வந்தது.

லொக்கையும் பெக்கப்பையும் அதே சேர்வரில வச்சிருக்கிறது இன்னொண்டு. 2023 ஓகஸ்டில நம்மட அரசாங்கத்துட கிளவுட்டில ரான்சம்வெயார் (ஃபைலைப் பூட்டிப் போட்டுக் காசு கேக்கிற வைரஸ்) பூந்ததை மறந்திருக்க மாட்டீங்க, ஜிஓவி டொட் எல்கே மெயில் கிட்டத்தட்ட 5000 அக்கவுண்டில மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரைக்குமான மெயில் திரும்பி எடுக்க ஏலாமப் போச்சு. உள்ளுக்கு வாறவன் முதல்ல தேடுறது பெக்கப்பை, மறுகா அவன் வந்த தடத்தை அழிக்க லொக்கை. ஒரு கொப்பியாவது வேற இடத்தில, அந்த சேர்வரால அழிக்க ஏலாத மாதிரி இரிக்கணும்.

அக்டிவிட்டி லொக்கில ஆர் என்ன செஞ்ச என்ட பகுதியையும் பாருங்க. பெக்கப்பை டவுன்லோட் பண்ணினது, ஷெடியூலை நிப்பாட்டினது எல்லாம் அதில வரும், ஆனா கடையில நாலு பேரும் ஒரே அட்மின் லொகினை வச்சிக்கிட்டு இருந்தா அதை வாசிச்சிப் பிரயோசனமில்ல.

நேரமும் ஏமாத்தும். கன சேர்வர் யூடிசியில (உலகப் பொது நேரம்) ஓடுது, நாம அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு, ராவு ரெண்டு மணி என்டு நீங்க போட்டது இங்க காலம 7.30. உபுண்டு சேர்வரில லொக்ரொட்டேட் (பழைய லொக்கை ஒதுக்கி அழிக்கிற டூல்) தானா வாற செட்டிங்கில கிழமைக்கு ஒண்டா நாலைத்தான் வச்சிருக்கும், ஆறு மாசமாவது வைக்கச் சொல்லி மாத்துங்க.

இப்ப நான் மாசத்துட முதல் ஞாயித்துக்கிழமை லப்டப்பில ஒரு சைட்டை முழுசா ரீஸ்டோர் பண்ணிப் பாக்கிறன். பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம் என்டு ஒரு ஃபைலை மட்டும் திறந்து பாக்கிறது இதுக்குச் சரி வராது. போன முறை காக்காட சைட்டை ஏத்தினா ஓடர் எல்லாம் நிக்குது, உடுப்புப் படம் ஒண்டுமில்ல, ஏனென்டா படம் இரிக்கிற ஃபோல்டரை வேற டிஸ்குக்கு மாத்தினதை நான் ஸ்கிரிப்டில சேக்கல்ல. அண்டைக்குப் பின்னேரமே அந்த ஃபோல்டர் இரிக்கிற இடத்தை ஸ்கிரிப்டில சேத்தன், அடுத்த நாள் லொக்கில சைஸ் ரெண்டு ஜிபி கூடிக் கிடந்திச்சு.