குழு உறுப்பினர்களுக்குப் பொதுப்பெயர் வைப்பது எப்படி?

இணையக் குழு தொடங்கிய முதல் வாரமே உறுப்பினர்களுக்குப் பெயர் சூட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் பேச்சு ஓடட்டும். அதற்குள் குழுவுக்கே உரிய சொற்கள் சில தானாக முளைத்திருக்கும்: எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கிண்டல், ஒரு கருவியின் பெயர், யாரோ தட்டச்சில் விட்ட பிழை. நல்ல பெயர் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பழைய உரையாடல்களைத் துழாவி 15, 20 சொற்களைத் திரட்டுங்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கூட்டத்தை விளித்து ஒரு முறை, "நான் ஒரு..." என்று ஒரு முறை, "அவங்க நம்ம..." என்று ஒரு முறை. பன்மையில் ஜோராக ஒலிக்கும் பல பெயர்கள் ஒருமையில் விழுந்துவிடும். தோட்டக் குழுவுக்கு 'மண்புழுக்கள்' பிரமாதமாகத் தோன்றும். ஆனால் நேற்று சேர்ந்தவரிடம் "இனி நீங்களும் ஒரு மண்புழு" என்றால் முகம் சுருங்கிவிடும். 'செடிக்காரர்' வேறு விதத்தில் இடறும்: பேச்சில் சீக்கிரமே செடிக்காரன், செடிக்காரி என்று இறங்கி, மரியாதையும் போய் ஆண், பெண் பிரிவும் வந்துவிடும். 'விக்கிப்பீடியர்' போல, 'காரர்' இல்லாமல் வெறும் 'அர்' என்று முடியும் பெயருக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆங்கில எழுத்திலும் எழுதிப் பார்ப்பது அவசியம். ழ, ள, ற வரும் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஹேஷ்டேக் மூன்றாகச் சிதறும், தேடினால் பாதிப் பதிவுகள் கிடைக்காது. அப்படியொரு பெயர்தான் வேண்டுமென்றால் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து குழுவின் விவரப் பகுதியில் போட்டுவிடுங்கள். எக்ஸ் தளத்தில் பயனர்பெயருக்கு 15 எழுத்துதான் இடம் என்பதையும் மறக்க வேண்டாம். வேறு ரசிகர் கூட்டமோ கட்சியோ அதே பெயரை வைத்திருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள்.

குழுவைத் தொடங்கியவரின் பெயரை ஒட்டிய பெயர் வேண்டவே வேண்டாம். அவர் விலகினாலோ சர்ச்சையில் சிக்கினாலோ அத்தனை பேரும் அந்தச் சுமையைத் தூக்க வேண்டிவரும். 'கற்றுக்குட்டிகள்' மாதிரி நிலையைச் சொல்லும் பெயரும் நிற்காது, ஆட்கள் தேறிவிடுவார்கள்.

நான்கைந்து பெயர் மிஞ்சியதும் வாக்கெடுப்பு. பரிந்துரையைத் திறந்துவிட்டு, அதிக வாக்கு பெற்றதையே வைப்போம் என்று உறுதி கொடுத்துவிடாதீர்கள். 2016இல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக் கப்பலுக்கு இணையத்தில் பெயர் கேட்டார்கள். விளையாட்டாக முன்மொழியப்பட்ட 'போட்டி மெக்போட்ஃபேஸ்' (Boaty McBoatface) முதலிடம் பிடித்தது, கப்பலுக்கோ வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. ஆளுக்கு ஒரே வாக்கு என்றால் ஒத்த பெயர்கள் ஒன்றின் வாக்கை மற்றொன்று தின்றுவிடும், பலருக்குப் பிடிக்காத பெயர்கூட ஜெயிக்கும். பிடித்த எல்லாவற்றையும் குறிக்க விடுங்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார்கள் என்பது தெரியும், கூச்சப்படுபவர்கள் கூட்டத்தோடு போய்விடுவார்கள். டெலிகிராமில் பெயர் தெரியாமல் வாக்களிக்கும் வசதி உண்டு.

வென்ற பெயரை ஒரு மாதம் வரவேற்புச் செய்தியில் மட்டும் பயன்படுத்துங்கள். சட்டை, ஸ்டிக்கர் எல்லாம் பிறகு. அந்த மாதத்தில் நிர்வாகிகள் அல்லாதவர்கள் தாங்களாகவே அதைச் சொல்லத் தொடங்கினால் பெயர் பிடித்துவிட்டது. நிர்வாகிகள் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள். அந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்பாதவர்களை வெறும் 'உறுப்பினர்' என்றே அழையுங்கள்.