கயிறு, பூ, கல்: மனவடு ஆற்றும் அமர்வுகளை நடத்துவது எப்படி

போர், இடப்பெயர்வு, கடற்கோள், வீட்டுக்குள் அடி உதை என்று பல அதிர்ச்சிகளை ஒருவரே சுமந்துகொண்டு வரும்போது எதிலிருந்து தொடங்குவது என்பதே முதல் சிக்கல். இப்படிப்பட்டவர்களுக்காகவே ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ‘நெட்’ (NET, Narrative Exposure Therapy) என்ற சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். பிறந்த நாள் முதல் இன்றுவரை வாழ்க்கையை வரிசையாகச் சொல்லவைத்து, அதிர்ச்சியான நிகழ்வுகளில் மட்டும் நின்று நிதானமாகக் கடப்பதுதான் முறை. 2004 கடற்கோளுக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 31 சிறுவர்களிடம் இதன் சிறுவர் வடிவமும் தியானத் தளர்வுப் பயிற்சியும் ஆறு ஆறு அமர்வுகளாக ஒப்பிடப்பட்டன. நடத்தியவர்கள் உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். இரண்டு குழுக்களிலும் பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள்.

சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இதைத் தொடங்கக் கூடாது. அப்போது வேண்டியது பாதுகாப்பான இடம், சாப்பாடு, தூக்கம், உறவினரைப் பற்றிய சரியான தகவல். நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்க வேண்டாம். கெட்ட கனவு, காட்சி திரும்பத் திரும்ப வருவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, அந்த இடத்தையும் ஆட்களையும் தவிர்ப்பது எல்லாம் ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மதிப்பீடு செய்யுங்கள். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், மனச்சிதைவு அறிகுறி உள்ளவர், குடியை நிறுத்த முடியாதவர் ஆகியோரை முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அடிப்பவர் இன்னும் அதே வீட்டில் இருந்தால் பாதுகாப்புதான் முதல் வேலை.

முதல் அமர்வில் அறிகுறிகளைக் கேட்டு, அவை ஏன் வருகின்றன என்று விளக்குங்கள். இரண்டாவதில் தரையில் ஒரு கயிற்றை விரியுங்கள். ஒரு முனை பிறப்பு. மறுமுனையைச் சுருட்டியே விடுங்கள். அது இனி வரும் காலம். நல்ல நிகழ்வுக்குப் பூ, அதிர்ச்சிக்குக் கல். இந்த அமர்வில் பெயரும் வயதும் இடமும் போதும், விவரத்துக்குள் போகக் கூடாது. கயிறு முழுவதையும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள்.

அடுத்து வருவதுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு அமர்வுக்கும் 90 முதல் 120 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு கல்லுக்கு வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். எந்த மாதம், பகலா இரவா, எங்கே நின்றீர்கள், என்ன கண்டீர்கள், என்ன மணம் வந்தது, மனதில் என்ன ஓடியது, உடம்பு என்ன செய்தது? கூடவே, “இப்போது சொல்லும்போது நெஞ்சு எப்படி இருக்கிறது?” என்றும் கேளுங்கள். அன்று, இன்று என்ற இந்த இரட்டைக் கேள்விதான் நினைவைக் கடந்த காலத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

அதிகம் நடக்கும் தவறு, அழுகை உச்சத்துக்குப் போனதும் பயந்து நிறுத்திவிடுவது. அப்படி நிறுத்தினால், சொல்வதே ஆபத்து என்று அவர் கற்றுக்கொள்வார். அடுத்த அமர்வுக்கு வரமாட்டார். சம்பவம் முடிந்து அடுத்து என்ன ஆனது என்பதுவரை சொல்லவைத்து, பதற்றம் தெளிவாக இறங்கிய பிறகே முடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் புதிய கல்லைத் தொட வேண்டாம்.

கண் நிலைகுத்தி, குரல் தேய்ந்து, கேட்டதற்குப் பதில் வராமல் போனால் அவர் அன்றைய இடத்துக்குள் போய்விட்டார் என்று பொருள். மயங்கும் நிலையில் இருப்பவரிடம் ‘உடம்பைத் தளர்த்துங்கள்’ என்று சொல்லாதீர்கள். இரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். எழுந்து நிற்கவைத்து, தொடையையும் கையையும் இறுக்கச் சொல்லி, முகத்தில் குளிர்ந்த நீர் தெளித்து, இன்றைய தேதியையும் இடத்தையும் கேளுங்கள். திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

கேட்டதை அவரது சொற்களிலேயே எழுதி அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டித் திருத்துங்கள். கடைசி அமர்வில் முழுவதையும் வாசித்து, இருவரும் கையெழுத்திட்டு, அவரிடமே கொடுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் தேவைப்படும்.

குடும்பத்தாரைத் தொடக்கத்திலேயே ஒரு முறை தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். ‘அதை மறந்துவிடு’ என்று அன்பாகச் சொல்வதும் அவரை வாயடைக்கவே செய்யும். ஒரு கல்லைப் பற்றிப் பேசிய நாளின் இரவில் தூக்கம் கெடலாம், எரிச்சல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் சிகிச்சையால்தான் கெட்டுப்போனது என்று நிறுத்த மாட்டார்கள். என்ன சொன்னார் என்று வீட்டில் யாரும் துருவக் கூடாது, கணவரானாலும் மாமியாரானாலும் சரி. பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள்: “அம்மாவுக்குப் பழைய பயம் திரும்ப வருகிறது, அதற்கு நீ காரணமில்லை.” இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பழியைத் தங்கள்மேல் போட்டுக்கொள்வார்கள்.

காணாமல் போனவரின் குடும்பமானால் திவசம் செய்யச் சொல்லியோ, வருவார் என்று நம்பிக்கை கொடுத்தோ தள்ள வேண்டாம். ஒரே வீட்டில் தாய் காத்திருக்கலாம், மகனோ காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று முடிவெடுத்திருக்கலாம். இரண்டுக்கும் அந்த வீட்டில் இடமுண்டு என்று இருவரும் உடன்படுவதே அந்த அமர்வின் இலக்கு.

அமர்வுகளுக்கு இடையில் நிலைமை மோசமானால் இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 என்ற மனநல உதவி எண்களை எழுதி முதல் நாளிலேயே வீட்டார் கையில் கொடுத்துவிடுங்கள்.