‘இறக்கை மரபணு’ என்று எழுதிவிடாதீர்கள்: பழ ஈயின் டி.பி.பி. பற்றிச் சில எச்சரிக்கைகள்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் விலங்கியல் படிப்பவர்கள் பழ ஈயை வைத்துச் செயல்திட்டம் தொடங்கும்போது, சறுக்கல் ஈயைப் பிடிப்பதிலேயே ஆரம்பித்துவிடலாம். மாந்தோப்பில் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப்பொருள் வைத்த பொறியில் விழுவது காயைத் துளைத்து முட்டையிடும் வேறொரு குடும்பத்து ஈ. ஆய்வகங்களில் வளர்வது டிரோசோபிலா மெலனோகாஸ்டர். விழுந்து புளித்த பனம்பழத்தை மொய்க்கும் பொடி ஈக்களில் அதன் உறவினங்கள் இருக்கலாம். ஆனால் மரபணுச் சோதனைக்கு வம்சம் தெரிந்த ஈ வேண்டும். அதை ஆய்வகத்திலிருந்துதான் வாங்க வேண்டும்.

அடுத்தது, டெகாபென்டாப்ளெஜிக் என்ற மரபணுவை, சுருக்கமாக டி.பி.பி.யை, ‘இறக்கையை வளர்ப்பது’ என்று ஒரே வரியில் முடிப்பது. 1982-ல் இது விவரிக்கப்பட்டபோது, புழுவுக்குள் மடிந்து கிடக்கும் 15 தட்டுகள் இதனால் பாதிக்கப்படுவது தெரிந்தது. இறக்கை, கால், கண், உணர்கொம்பு எல்லாம் அந்தத் தட்டுகளிலிருந்து உருவாகின்றன. அதற்கும் வெகுமுன்பே, முட்டையிட்ட சில மணி நேரத்திற்குள், கருவின் முதுகுப்பக்கம் எது என்று தீர்மானிப்பதும் இதே மரபணுதான். பிறகு ஏன் சில பிறழ்வுகளில் இறக்கை மட்டும் சிறுத்துப்போகிறது? மரபணுவின் ஒரு பக்கத்தில், புரதத்தைக் குறிக்காத நீண்ட ஒழுங்குபடுத்தும் பகுதி இருக்கிறது. தட்டுகளில் மரபணுவை இயக்கும் அந்தப் பகுதி சிதைந்தால், கருவில் அதன் வேலை கெடாமல் தட்டில் மட்டும் கெடும்.

டி.பி.பி. தரும் புரதத்தை ‘வளர்ச்சிக் காரணி’ என்றவுடன் உரம்போல எண்ணி, கூடினால் பெரிதாகும், குறைந்தால் சிறுக்கும் என்று எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இறக்கைத் தட்டின் பின்பாதிச் செல்கள் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தை வெளிவிடுகின்றன. அது எட்டும் முன்பாதி ஓரத்துச் செல்கள் மட்டும் ஒரு கோடுபோல டி.பி.பி. புரதத்தைச் சுரக்கின்றன. அங்கிருந்து இருபுறமும் பரவப் பரவ அதன் செறிவு குறைகிறது. பாம்பனில் கருவாடு காயும் இடம் எவ்வளவு தூரம் என்று வாடையை வைத்தே சொல்லிவிடலாம் அல்லவா? செல்லும் தன் இடத்தை அப்படித்தான் அறிகிறது. செறிவு மிகுந்த இடத்தில் ஸ்பால்ட் மரபணு இயங்கும். ஆம்ப் என்பதற்குக் குறைந்த செறிவே போதும், அதனால் அது இன்னும் அகலமாக இயங்கும். ஓரங்களில், மற்ற மரபணுக்களை அடக்கிவைக்கும் பிரிங்கர் என்ற மரபணு ஓங்கும். இறக்கையில் கோடுகளாகத் தெரியும் நரம்புகள் எங்கே ஓட வேண்டும் என்பது இந்த எல்லைகளைப் பொறுத்தது. வளர்ச்சிக்கு இந்தச் செறிவுச் சரிவு எந்த அளவுக்குத் தேவை என்பதில் 2015-க்குப் பிறகும் ஆய்வாளர்கள் கடுமையாக மோதிக்கொண்டார்கள். பாடக்குறிப்புகள் அந்தச் சண்டையை மறைத்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

கலப்புக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. ஒரு பிரதி கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும் என்ற வழக்கமான எதிர்பார்ப்பு இங்கே பலிக்காது. வேலை செய்யும் பிரதி ஒன்றே இருந்தால் ஈ கருவிலேயே இறந்துவிடும். முழுதும் செயலிழந்த பிறழ்வை வைத்திருக்க, வேறொரு குரோமோசோமில் கூடுதல் பிரதி ஒன்றைச் சுமக்கும் ஈக்கள் தேவை.

மனிதரோடு ஒப்பிடும்போதும் நிதானம் வேண்டும். 1987-ல் டி.பி.பி., செல்களுக்கிடையே சமிக்ஞை கடத்தும் டி.ஜி.எஃப்.-பீட்டா புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. 1993-ல் அதே குடும்பத்து மனிதப் புரதமான பி.எம்.பி.-4-இன் ஒரு பகுதி ஈயின் கருவில் இதன் வேலையைச் செய்தது. எலும்பே இல்லாத ஈயின் புரதம் எலியில் எலும்பைத் தூண்டியதும் அதே ஆண்டில்தான். ஆனால் ஈயில் முதுகைக் குறிப்பது முதுகெலும்பிகளில் வயிற்றுப்பக்கத்தைக் குறிக்கிறது. படத்தை அப்படியே நகலெடுத்தால் தலைகீழாகிவிடும்.

கடைசியாக, நம் ஊர் வெப்பம். டிரோசோபிலாவுக்கு ஏற்றது 25 டிகிரி செல்சியஸ். முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ 10 நாள். 30-ஐத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். கால்4 (Gal4) என்ற ஈஸ்ட் புரதத்தைக் கொண்டு மரபணுவை இயக்கும் முறையில் டி.பி.பி.யைக் கூட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: வெப்பம் ஏறினால் கால்4 கூடுதலாக இயங்கும். மே மாதம் மின்வெட்டு நேரத்தில் வளர்ந்த ஈயின் இறக்கை வேறுமாதிரி இருந்தால், மரபணுவைக் குற்றம் சொல்வதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள். ஈக்களின் உணவைக் கெட்டியாக்கும் அகரும் குறையக் கூடாது. தளர்ந்த உணவில் ஈக்கள் ஒட்டிச் சாகும். இந்தக் கரையில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் கிடைக்கிறது. கயிற்றில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி தருவது காராஜீனன் என்ற வேறொரு கெட்டியாக்கி. அதே அளவில் மாற்றிப் போட்டுவிட வேண்டாம்.