மைக் பத்து மணிக்கு, வெயில் பன்னிரண்டு மணிக்கு: மும்பைத் தமிழர் விழாக்களில் தவிர்க்க வேண்டிய கோடைத் தவறுகள்

ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் ஜெயந்தியும் அன்றுதான். மே 1 தொழிலாளர் தினம், மகாராஷ்டிர தினம். இரண்டும் விடுமுறை என்பதால் மும்பையில் நம் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் ஆண்டு விழா, ரத்த தானம், விளையாட்டுப் போட்டி, அன்னதானம் என்று எதை வைத்தாலும் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. வேறு நாளில் வைத்தால் கூட்டம் வராது. சரி, தேதி இருக்கட்டும். மாற்ற வேண்டியது நேரத்தைத்தான்.

அதைச் சொன்னால் கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "வேலூர் வெயிலையே பார்த்தாச்சு, இதெல்லாம் ஒரு வெயிலா?" என்பார். முதல் தவறே அதுதான். வேலூரில் 41 டிகிரி அடித்தாலும் காற்று உலர்ந்திருந்தால் வேர்வை ஆவியாகி உடம்பு குளிரும். மும்பையில் 35 டிகிரியிலேயே சட்டை பிழியப் பிழிய நனையும், ஆனால் கடலோர ஈரக் காற்றில் அந்த வேர்வை ஆவியாகாமல் சும்மா வழிந்து போகும். உடம்புச் சூடு உள்ளேயே நிற்கும். இதனால்தான் வானிலைத் துறை வெப்ப அலை அறிவிக்க சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 டிகிரி என்றும் தனித்தனி அளவு வைத்திருக்கிறது. மதியம் வர வேண்டிய கடல்காற்று தாமதமாகும் நாட்களில் இங்கே சூடு திடீரென்று ஏறும். கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கல்யாண், டோம்பிவிலிப் பக்கம் இன்னும் மோசம்.

2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பை கார்கரில் மகாராஷ்டிர பூஷண் விருது விழா நடந்தது. திறந்தவெளி மைதானத்தில் லட்சக்கணக்கானோர் மணிக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். வெயிலின் தாக்கத்தில் 14 பேர் இறந்தார்கள். அன்று அங்கே சுமார் 38 டிகிரிதான். நண்பகல் முதல் மாலை 5 மணி வரை திறந்தவெளி நிகழ்ச்சிகள் கூடாது என்று மாநில அரசு அதன் பிறகு அறிவித்தது.

நம் விழாக்களில் கூட்டம் அந்த அளவு இருக்காது. ஆனால் நிகழ்ச்சி நிரல் அச்சு அசல் அதேதான். அழைப்பிதழில் காலை 10 மணி என்றிருக்கும். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. இதெல்லாம் முடிந்து குழந்தைகள் நடனம் தொடங்கும்போது மணி ஒன்று. அந்தக் குழந்தைகளை மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒன்பது மணிக்கே பட்டு உடை, இடுப்பில் ஒட்டியாணம், தலையில் சவுரி முடி, முகம் நிறைய பவுடர். தண்ணீர் குடித்தால் உதட்டுச் சாயம் போய்விடும், பாத்ரூம் போக வேண்டி வந்தால் கட்டிய உடையை அவிழ்க்க வேண்டும் என்று அம்மாக்களே குடிக்க விடுவதில்லை. மயங்கி விழும் முதல் ஆள் பெரும்பாலும் அங்கிருந்துதான். நடனத்தை முதலில் வையுங்கள், பொன்னாடை காத்திருக்கும்.

மாலையில் வைத்தால் இரவு 10 மணிக்கு மைக்கை அணைக்க வேண்டுமே என்று கேட்பார்கள். உண்மைதான், விதி அப்படித்தான். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் நான்கு மணி நேரம் கிடைக்கிறது. நான்கு மணி நேரத்தில் முடியாத விழா என்றால் அதில் பேச்சாளர்கள் அதிகம் என்று அர்த்தம்.

பந்தல் விஷயத்திலும் கோளாறு உண்டு. மேடைக்கும் முதல் நான்கு வரிசைக்கும் துணிப் பந்தல், ஃபேன், விருந்தினருக்கு ஏர்கூலர். பின்வரிசையில் உட்காரும் வயதானவர்களுக்கு வானம்தான். அழகுக்காக மூன்று பக்கமும் துணி கட்டி அடைத்தால் காற்று வராது. பக்கவாட்டைத் திறந்து விடுங்கள்.

தண்ணீர்ப் பந்தல் வைத்துவிட்டோம், போதாதா? போதாது. பெண்கள் குடிக்க மாட்டார்கள். மைதானத்தில் கழிப்பறை இல்லை, அல்லது இருப்பது நுழைய முடியாத நிலையில் இருக்கிறது. அதனால் காலையிலிருந்தே தொண்டையை நனைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு தற்காலிகக் கழிப்பறை வாடகைக்கு எடுப்பது, ஆயிரம் தண்ணீர் பாட்டில் வாங்குவதைவிட உருப்படியான செலவு. பட்ஜெட்டில் இந்த வரி எப்போதும் கடைசியில்தான் வரும், முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

நீர்மோரில் கவனிக்க வேண்டியது ஐஸ். சாக்கில் சுற்றி வரும் பாளம் ஐஸ் எல்லாமே சாப்பிடும் ஐஸ் இல்லை. மீன், சரக்கு குளிரவைக்கத் தயாராகும் ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று மகாராஷ்டிராவில் 2018-லேயே உத்தரவு வந்தது. நீலமாக இருந்தால் மோரில் போடவே கூடாது. வெள்ளையாக இருந்தாலும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள். பாளத்தை மோருக்குள் போடாமல் பாத்திரத்தைச் சுற்றி அடுக்கினால் இன்னும் நல்லது. ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் மோர் வேண்டாம், புளிப்பு பட்டால் செம்பு இறங்கும். அன்னதானத்துக்கு விடியற்காலையில் கட்டிய தயிர்சாதப் பொட்டலம் மதியம் ஒரு மணிக்குத் தாங்காது. புளியோதரை கொஞ்சம் தாங்கும்.

ஓ.ஆர்.எஸ். பொடியை டம்ளருக்குக் கொஞ்சம் என்று தூவுகிறார்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்று அளவிட்டது, மொத்தமாகக் கலக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. பெட்டியில் வரும் இனிப்புப் பழரசம் இதற்கு ஈடாகாது.

பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பவர்கள் விரதம், வெறுங்கால், தார் ரோடு மூன்றையும் சேர்த்துத் தாங்குகிறார்கள். ஊர்வலம் ஒன்பது மணிக்குள் கோயிலைத் தொட வேண்டும். லாரித் தண்ணீர் ஊர்வலத்துக்கு முன்னால் போகட்டும், பின்னால் வந்து பயனில்லை.

கடைசியாக, யாராவது விழுந்துவிட்டால். சுற்றி நாற்பது பேர் நிற்பது, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, வாயில் சோடா ஊற்றுவது, பாராசிட்டமால் கொடுப்பது, நான்குமே தவறு. உளறினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டாலோ அது சாதாரண மயக்கம் இல்லை, வெப்பத் தாக்குதலாக இருக்கலாம். வேர்த்துக்கொண்டிருந்தாலும்கூட இருக்கலாம். உடனே 108. நிழலுக்குத் தூக்கி, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸை வையுங்கள், நீல ஐஸ் ஆனாலும் இதற்குப் பரவாயில்லை. நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது.

தாராவி மாதிரி இடத்தில் ஆம்புலன்ஸ் 90 அடி சாலை வரை வந்துவிடும், உள்சந்துக்குள் வராது. அதனால் காலையிலேயே இரண்டு பையன்களைத் தயார் செய்யுங்கள்: ஒருவன் மெயின் ரோட்டில் நின்று வண்டியைக் காட்ட, இன்னொருவன் சந்தில் நிற்கும் பைக்குகளை நகர்த்த. இருவரின் போன் நம்பரும் மைக் பிடிப்பவரிடம் இருக்கட்டும்.