தைராய்டு மாத்திரையும் காலை டீயும்

போன பொங்கலுக்குக் கோபியிலிருந்து திருப்பூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று மூன்று வருடமாக மாத்திரை, 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 75 ஆகி 100 வரைக்கும் வந்தாயிற்று, ஆனாலும் டெஸ்ட் எடுக்கும்போதெல்லாம் டி.எஸ்.எச். (தைராய்டை வேலை செய்யச் சொல்லித் தூண்டும் ஹார்மோன்) ஏறித்தான் இருக்கும், அசதியும் விட்டபாடில்லை. ஏன் என்று அன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. அடுப்பில் டீ கொதிக்கிறது, சித்தியின் உள்ளங்கையில் தைராய்டு மாத்திரை, அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு இரும்புச்சத்து மாத்திரை. இரண்டையும் வாயில் போட்டு டீயை ஊற்றி விழுங்கினார். "ஒண்ணாப் போட்டுக்கிட்டா மறக்காதில்ல கண்ணு" என்றார்.

இரும்புச்சத்தும் கால்சியமும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், டீயும் காபியும் அது உடம்பில் சேருவதைக் குறைக்கும். மூன்று வருடத்தில் ஒருவர்கூட "எப்படிச் சாப்பிடுகிறீர்கள்" என்று சித்தியிடம் கேட்கவில்லை, அளவை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போடுங்கள். அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் டீ, காபி, டிபன் எதுவும் வேண்டாம். சித்தி இப்போது மாத்திரையைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் டீ வைக்கிறார், நேரம் தானாக ஓடிவிடுகிறது. இரும்பு, கால்சியம், வயிற்றெரிச்சல் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ராகிக் களி, கம்மங்கூழ் எதையும் விட வேண்டியதில்லை, மாத்திரைக்கு அப்புறம் இடைவெளி விட்டுச் சாப்பிட்டால் போதும். சமைத்த முட்டைக்கோஸை அளவாகச் சாப்பிடவும் பயப்பட வேண்டாம். காலையில் முடியவே முடியாது என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். பாட்டிலை அடுப்பு மேடையில் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் மாத்திரைக்கு ஆகாது.

இனி டெஸ்ட். டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு ஏறிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், விஷயம் நேர் எதிர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிதான் டி.எஸ்.எச்.-ஐ அனுப்புகிறது, தையல் லைனில் வேலை மந்தமானால் சூப்பர்வைசர் சத்தம் ஏறுகிற மாதிரி, கழுத்தில் இருக்கும் தைராய்டு மந்தமானால் டி.எஸ்.எச். ஏறும். பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள்.

முதல் தடவை டி.எஸ்.எச்.-ஓடு ஃப்ரீ டி4 கேளுங்கள், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனில் ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்கு அது. வெறும் டி3, டி4 போட்ட தைராய்டு ப்ரொஃபைல் வேறு, ஃப்ரீ டி4 வேறு, சீட்டில் 'ஃப்ரீ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குகிறதா என்று பார்க்க ஆன்டி டி.பி.ஓ. டெஸ்ட் ஒரு தடவை போதும், ஒவ்வொரு முறையும் அதற்குக் காசு கொடுக்காதீர்கள். டி.எஸ்.எச். 10க்குக் கீழே லேசாக ஏறி, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால் உடனே ஆயுளுக்கும் மாத்திரை என்று முடிவு கட்ட வேண்டாம், இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மாத்திரை ஆரம்பித்தாலோ அளவு மாறினாலோ ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் அடுத்த டெஸ்ட். உள்ளே போன மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் பத்து நாளில் எடுக்கிற ரிப்போர்ட்டை நம்ப முடியாது. அளவு நிலைத்த பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை. காலையில் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே லேபில் எடுங்கள், அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள்.

முக்கியமாக, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல லேப் மெஷின்களில் அது டி.எஸ்.எச்.-ஐக் குறைத்துக் காட்டும். தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும் என்பதால் இந்தக் குழப்பம் நிறைய நடக்கிறது.

ரிப்போர்ட் நார்மல் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாத்திரையால்தான் அது நார்மல். கர்ப்பம் உறுதியானால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டிவரும், முதல் பாதி வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை டெஸ்ட் இருக்கும்.

சித்தி கதைக்கு வருகிறேன். டாக்டரிடம் சொல்லிவிட்டு இரும்புச்சத்து மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினார். ஏழு வாரம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 0.2, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம் வேறு. அதுவரை வீணாகப் போன 100 மைக்ரோகிராமும் இப்போது முழுதாக உடம்பில் சேர, அதுவே அதிகமாகிவிட்டது. அதனால் நீங்களும் சாப்பிடும் முறையை மாற்றினால் டாக்டரிடம் சொல்லி அடுத்த டெஸ்டுக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள், வயதானவர்களும் இதய நோய் இருப்பவர்களும் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். சித்திக்கு 75 ஆகக் குறைத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரு நகைக்கடைப் பையில் போட்டு வைத்திருக்கிறார், ஒவ்வொன்றின் பின்னாலும் அப்போது சாப்பிட்ட அளவு, மாத்திரையின் கம்பெனி பெயர், அடுத்த டெஸ்ட் தேதி மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.