17 அடி டிரெய்லருக்கு சோலார்: முதலில் ராத்திரிக் கணக்கு

காரின் பின்னால் இழுத்துப்போய் முகாமில் தங்குகிற டிரெய்லருக்கு சோலார் என்று பேச்சை எடுத்தாலே எல்லாரும் என்னிடம் கேட்பது, "எத்தனை வாட் பேனல் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் டிரெய்லரில் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கரண்ட் செலவாகிறது?" அதற்கு விடை தெரிந்தால் எந்த பேட்டரி, எத்தனை பேனல், எவ்வளவு கனமான வயர் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வந்துவிடும். தெரியாமல் வாங்கினால் காசும் போகும், கூரையில் இடமும் போகும்.

நாங்கள் இருப்பது டாலஸ் பக்கம். எங்களுடையது 17 அடி காஸிட்டா. டாலஸுக்குத் தெற்கே ரைஸ் என்கிற ஊரில் செய்யும் ஃபைபர்கிளாஸ் டிரெய்லர். மேல் பாதி, கீழ் பாதி என்று வார்த்து, தேங்காய் மூடி இரண்டையும் பொருத்தின மாதிரி சேர்த்திருப்பார்கள். நாங்கள் அதிகம் போவது மேற்கு டெக்சஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு. அங்கே சிசோஸ் பேசினுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரைக் கொண்டுவர வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். சின்ன டிரெய்லர் வைத்திருப்பதன் அருமை அந்த வளைவுகளில் தெரியும். ரியோ கிராண்டே ஆற்றோரம் காட்டன்வுட் என்று ஒரு முகாம் உண்டு. கரண்ட் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டர் போடவும் அனுமதி இல்லை. நான் சோலார் வேலையில் இறங்கினதே அந்த இடத்துக்காகத்தான்.

கணக்கை ஆம்பியர்-மணியில் போடுங்கள். பொருள் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, அதை எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், இரண்டையும் பெருக்கினால் போதும். எங்கள் கூரை விசிறி நடுத்தர வேகத்தில் ஒன்றரை ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 12. குளிர்காலத்தில் விசிறிக்குப் பதில் கேஸ் ஹீட்டரின் ஊதுகாற்று மோட்டார் ஓடும். அது 3 ஆம்பியர், ராத்திரியில் விட்டு விட்டு மொத்தம் நாலு மணி நேரம் ஓடினால் அதுவும் 12. எல்.இ.டி. விளக்குகளுக்கு 6, போனும் லேப்டாப்பும் 10, தண்ணீர் மோட்டாருக்கு 2. கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் கண்ணில் படாமலே நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும், அதற்கு இரண்டரை.

பிறகு மிக்ஸி. அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இருக்கிற மாதங்களில் கூட வருவாள். துவையல் இல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. "ஏட்டி, இந்த வெயில் கரண்டுல மிக்ஸி ஓடுமா? சுத்திச் சுத்தி நின்னு போயிருமா?" என்று கேட்டாள். ஓடும். 110 வோல்ட்டில் ஓடும் எங்கள் மிக்ஸி 550 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் துவையல் அரைக்க மூன்று நிமிஷம் போதும். ஆக இரண்டரை ஆம்பியர்-மணி. ராத்திரி முழுக்கச் சுற்றுகிற சின்ன விசிறி அதைப்போல ஐந்து மடங்கு தின்கிறது. நேரத்தைச் சேர்த்துப் பெருக்காமல் வாட்டை மட்டும் பார்க்கிறவர்கள் மிக்ஸியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள், பாவம்.

எல்லாம் கூட்டினால் எங்களுக்கு நாளொன்றுக்கு 35 ஆம்பியர்-மணி, அதாவது ஏறக்குறைய 450 வாட்-மணி. ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுவதால் கணக்கில் வரவில்லை. கேஸ், வீட்டுக் கரண்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் மூன்று வழி ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் நிறுத்திய இடத்தில் அதை 12 வோல்ட்டில் விட்டுவிடாதீர்கள். 10 ஆம்பியருக்கு மேல் இழுத்து, ஒரே ராத்திரியில் பேட்டரியைக் காலி செய்துவிடும். ஏசியைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கூரை ஏசி ஓடும்போது 1,300 வாட்டுக்குக் குறையாது. இந்த அளவு கூரையில் வைக்கிற பேனலால் அதை ஓட்ட முடியாது. கோடையில் கரண்ட் இணைப்புள்ள முகாமுக்குப் போங்கள், அல்லது மலைக்குப் போங்கள்.

இனி பேட்டரி. லெட்-ஆசிட் என்றால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் கைக்கு வருவது 50. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் முக்கால்வாசிக்கும் மேல் தாராளமாகப் பயன்படுத்தலாம், எடையும் பாதிக்கும் கீழே. 35 செலவுக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்று போதும்; வெயிலே வராவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். குளிரில் சார்ஜைத் தானே துண்டிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளியே, காரில் மாட்டும் கொக்கிப் பக்கம் வைக்காமல் உள்ளே பெஞ்சுக்கு அடியில் வையுங்கள். பழைய டிரெய்லரின் கன்வெர்ட்டர், அதாவது முகாமின் கரண்ட் இணைப்பிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் பெட்டி, லெட்-ஆசிட்டுக்கு என்று செய்தது, லித்தியத்தை முழுக்க நிரப்பாது. அதையும் மாற்ற வேண்டிவரும்; செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏசிப் பெட்டியும் விசிறி மூடியும் போக எங்கள் கூரையில் 100 வாட் பேனல் இரண்டுக்குத்தான் இடம். ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது 18 வோல்ட், ஐந்தரை ஆம்பியர்; எதிலும் இணைக்காமல் மீட்டர் வைத்தால் 22 வோல்ட் காட்டும். தொடராக இணைப்பதா, பக்க இணைப்பா என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காலையில் ஏசியின் நிழல் ஒரு பேனலில் விழுகிறது, மாலையில் மற்றதில். பக்க இணைப்பில் ஒன்று நிழலில் இருந்தாலும் இன்னொன்று தன்பாட்டுக்கு வேலை செய்யும். கூரை முழுக்கத் திறந்த வெயில் என்றால் தொடர் இணைப்பு நல்லது, மெல்லிய வயரே போதும். எங்களுக்குப் பக்க இணைப்பில் இரண்டும் கூடி 11 ஆம்பியர் வருகிறது. கூரையிலிருந்து, பேனலின் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலருக்கு 15 அடி, போக வர 30 அடி. 10 கேஜ் செம்பு வயரில் (கேஜ் எண் குறையக் குறைய வயர் கனமாகும்) இழப்பு ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான், இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இரண்டே பேனல் என்பதால் தனித்தனி ஃப்யூஸ் தேவையில்லை. மூன்றாவது சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் வேண்டும்.

கன்ட்ரோலரில் எம்.பி.பி.டி. வகையையே வாங்குங்கள். மலிவான பி.டபிள்யூ.எம். வகை, பேனலின் 18 வோல்ட்டை பேட்டரியின் 13-க்கு இழுத்துவிடும். நடுவில் உள்ளதெல்லாம் வீண். எம்.பி.பி.டி. அந்த மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். நான் வைத்திருப்பது விக்ட்ரான் 75/15. பேனல் பக்கம் 75 வோல்ட் வரை தாங்கும், பேட்டரி பக்கம் 15 ஆம்பியர் தரும். 12 வோல்ட் பேட்டரிக்கு 220 வாட் வரை சரி. தொடராக இணைப்பவர்கள் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: குளிரில் பேனலின் வோல்ட் ஏறும், ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.3 சதவீதம் என்ற அளவில். இரண்டு பேனலும் கூடி வெயில் நாளில் பார்த்த 44 வோல்ட், மைனஸ் பத்தில் 49 ஆகிவிடும். அதற்கு இடம் விட்டுக் கன்ட்ரோலர் எடுங்கள்.

கூரை வேலைதான் பலருக்கும் நடுக்கம். உங்கள் கூரை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ரப்பர் கூரை என்றால், அந்த ரப்பர் கீழே உள்ள பலகையில் பசையால் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பேனலை அதன்மேல் டேப்பால் ஒட்டினால் நெடுஞ்சாலைக் காற்று ரப்பரோடு சேர்த்துப் பிய்த்துவிடும். குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து அதில் திருகாணி போட வேண்டும். பேனலின் தாங்கிக்கு அடியில் தண்ணீர் புகாத பிசின் மாதிரியான பியூட்டைல் டேப், திருகாணித் தலைமேல் டைகார் மாதிரி கூரைக்கென்றே உள்ள பூச்சு. சிலிகான் ரப்பரில் ஒட்டாது, வேண்டாம்.

ஃபைபர்கிளாஸில் சட்டமே இல்லை, திருகாணி பிடிக்காது. அங்கே 3எம் வி.எச்.பி. என்ற இருபக்கமும் ஒட்டும் டேப்பை நம்பலாம். தாங்கியின் அடியையும் கூரையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, காயவிட்டு, உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும்; அதற்கு முன் வண்டியை எடுக்காதீர்கள். எதிர்க்காற்று மோதுகிற முன் தாங்கிகளில் மட்டும் நான் ஒவ்வொரு ஸ்டெயின்லெஸ் போல்ட்டும், உள்ளே அகலமான வாஷரும் போட்டேன்.

ஃபைபர்கிளாஸில் துளை போடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லை முதலில் பின்னோக்கிச் சுற்றவிட்டு, அழுத்தாமல் வையுங்கள். மேலே உள்ள பளபளப்பான ஜெல்கோட் மாவு மாவாகத் தேய்ந்து, சின்னக் குழி விழும். அடியில் உள்ள மங்கலான நார் தெரிந்த பிறகு முன்னோக்கிச் சுற்றுங்கள். எடுத்த எடுப்பில் முன்னோக்கிப் போனால் ஜெல்கோட் செதில் செதிலாகப் பெயரும், விரிசல் ஓடும். வயர் உள்ளே இறங்க ஒரே ஒரு துளை, துணி அலமாரிக்கு மேலாக. அதன் மூடியின் வாய் வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு அங்குலமாவது காற்று ஓட விடுங்கள். சூடான பேனல் கரண்டைக் குறைத்துத்தான் தரும். டெக்சஸ் வெயிலில் 65 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஒட்டிப் படுக்கிற வளையும் பேனல்களை நான் விரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

வயரிங்கில் அவசரம் வேண்டாம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த என் அப்பா, வயர் முனையில் மாட்டும் உலோக வளையமான லக்கை முறுக்கி முடித்ததும் வயரைக் கையால் ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். கழன்று வந்தால் அந்த இணைப்பே கணக்கில் இல்லை. நானும் ஒவ்வொரு லக்கையும் அப்படித்தான் இழுத்துப் பார்க்கிறேன். தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடானது தீயில் முடியும். வேலை முடியும்வரை பேனல்களைக் கெட்டியான போர்வையால் மூடி வையுங்கள். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், பிறகுதான் பேனலை. கழற்றும்போது பேனல் முதலில். பிளஸ் மைனஸை மீட்டரில் பார்க்காமல் எதையும் சொருகாதீர்கள். கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் 20 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரியை ஒட்டியே. 1,000 வாட் இன்வெர்ட்டருக்கு 2 கேஜ் வயர், மூன்றடிக்குள். அதற்கு 125 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ். லித்தியம் ஷார்ட் ஆனால் பாய்கிற கரண்டைச் சாதாரண ஃப்யூஸ் அறுக்காமல் விட்டுவிடக்கூடும். இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வகையாக இருக்கட்டும், மிக்ஸி மோட்டாருக்கு அதுதான் ஒத்துவரும். மிக்ஸியை இன்வெர்ட்டரிலேயே சொருகுங்கள். டிரெய்லரின் பெரிய பிளக்கை இன்வெர்ட்டரில் சொருகினால், கன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்தே எடுத்து பேட்டரியையே சார்ஜ் செய்துகொண்டு, போகிற வழியெல்லாம் இழக்கும்.

பேட்டரியின் மைனஸில் ஒரு ஷன்ட் மீட்டர் வையுங்கள்; பேட்டரிக்குள் போகிற, வருகிற ஆம்பியரை எண்ணிக்கொண்டே இருக்கும் கருவி அது. எல்லா மைனஸ் வயரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். லித்தியத்தின் வோல்ட் நெடுநேரம் அசையாமல் நிற்கும். 70 சதவீதமா 40 சதவீதமா என்று வோல்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஷன்ட் எண்ணித்தான் சொல்கிறது.

இனிப் பயன்படுத்துவது. படுக்கை வசமாக இருக்கும் பேனலுக்கு டிசம்பர் மாதம் கடினம். பிக் பெண்ட் 29 பாகை வடக்கில் இருக்கிறது. அந்த மாதத்தில் உச்சியிலும் சூரியன் 37 பாகைதான் ஏறும், கூரைப் பேனலில் நேராக விழுவது அறுபது சதவீத வெயில். ஏப்ரலில் நாளுக்கு 900 வாட்-மணி வரை தரும் எங்கள் கூரை, டிசம்பரில் 450 தந்தால் பெரிது. செலவும் அதே 450. மேகம் வந்தால் துண்டு விழும். காட்டன்வுட்டிலோ பெயருக்கேற்ற பெரிய மரங்கள். அம்மா நிழலில்தான் உட்காருவாள், நாங்களும் டிரெய்லரை நிழலில்தான் போடுவோம்.

ஆகவே என் உறுதியான யோசனை: கூரையை இன்னும் நிரப்பப் பார்க்காதீர்கள், 100 வாட் மடிப்புப் பேனல் ஒன்று வாங்குங்கள். 30 அடி வயரோடு மரநிழலுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். கூரைப் பேனல்களோடு அதைச் சேர்க்காமல், பேட்டரிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னக் கன்ட்ரோலர் கொடுங்கள். ஒரே பேட்டரியை இரண்டு கன்ட்ரோலர் சார்ஜ் செய்வதில் தவறே இல்லை. நேராகத் திருப்ப ஒரு பென்சில் போதும். பேனலின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பேனலைத் திருப்பிச் சாயுங்கள், நிழல் சுருங்கிக்கொண்டே வரும். நிழல் காணாமல் போனால் சூரியனுக்கு நேர். காலை ஒன்பதுக்கு, நடுப்பகலில், மூன்று மணிக்கு என்று மூன்று தரம் திருப்பினால் டிசம்பரிலும் அந்த ஒற்றைப் பேனல் கூரையில் உள்ள இரண்டுக்கும் ஈடு கொடுக்கப் பார்க்கும்.

போனையும் லேப்டாப்பையும் பகலில் சார்ஜ் செய்துவிடுங்கள். பத்து மணிக்கே பேட்டரி நிறைந்துவிட்டால் மிச்ச வெயிலைப் பேனல் சும்மா விட்டுவிடுகிறது; துவையலை அப்போது அரைக்கலாம். பறவை எச்சம் ஒரே ஒரு செல்லை மறைத்தாலும் அந்தப் பேனலின் பாதி போய்விடும். முகாமில் இறங்கியதும் ஏணி போட்டு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். முதல் நீண்ட பயணத்தில் நூறு மைல் போனதும் நிறுத்தி, தாங்கிகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா லக்கையும் மறுபடி முறுக்கி, துளை மூடியைச் சுற்றிய பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் வீட்டு வாசலில் சும்மா நிற்கும் மாதங்களில் பேட்டரியை அறுபது சதவீதத்தில் வைத்து, பேனல் சுவிட்சையும் பேட்டரி சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.