பெயிண்ட் அடித்த காரை என்னிடம் கொண்டுவராதீர்கள்

போன மாதம் டீக்கடையில் ஒரு பையன் செல்போனை நீட்டினான். மாருதி 800. எலுமிச்சை மஞ்சள், முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு, பானட்டில் இரண்டு கறுப்புக் கோடு.

"அண்ணா, ஆட்டோகிராஸ் ஓட்டப் போறேன். வீட்டுலயே ரெடி பண்றேன். இனி கேஜ் அடிக்கிறது மட்டும்தான் பாக்கி."

ஆட்டோகிராஸ் என்றால் மண் தரையில் நேரத்தைக் கணக்கிட்டு ஓட்டும் கார்ப் போட்டி. கேஜ் என்றால் கார் உருண்டாலும் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே அடிக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு. எனக்கு டீ இறங்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே வரிசையில்தான் என் மாருதி எஸ்டீம் காரை நானும் பாழாக்கினேன்.

ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதே, பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வெல்டிங் வைக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர்கள் ஸ்பானரையே தொட வேண்டாம். விஷயம் தெரிந்தவர்களும் போய் விழுகிற குழிகள் சில உண்டு, அதைச் சொல்கிறேன்.

பெயிண்டை முதலில் அடிப்பது

ஏன் அடிக்கிறோம் என்று எனக்குத் தெரியும். பழைய காரை ஷெட்டில் கொண்டுவந்து போட்ட அன்றிலிருந்து வீட்டில் "இந்தத் தகரத்துக்கா இவ்வளவு காசு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பளபளவென்று ஆக்கிக் காட்டிவிட்டால் வாயை மூடுவார்கள். நான் அதற்காகத்தான் அடித்தேன். 1998 வண்டி, 1.3 லிட்டர், கார்புரேட்டர். டிங்கரிங், பட்டி, சிவப்பு பெயிண்ட் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். பெயிண்டரைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டதை அவர் செய்து கொடுத்தார்.

அப்புறம்தான் ரோல் கேஜுக்கு வந்தேன். கேஜ் என்றால் வெறும் குழாய்க் கூண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூண்டைவிட அது கால் ஊன்றும் இடம்தான் முக்கியம். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி ஒவ்வொரு காலுக்கும் கீழே பாடியில் வைக்கும் தகடு குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் இருக்க வேண்டும். அந்தத் தகட்டைப் பற்றவைக்க அடியில் நல்ல இரும்பு வேண்டுமே. வெல்டர் டிரைவர் பக்கத்துத் தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட்டைச் சுரண்டினார். அப்பளம் மாதிரித் துரு அடுக்கடுக்காகக் கழன்று வந்தது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பகுதியில் கிரைண்டரை வைத்ததும் பட்டி பொடியாக உதிர்ந்தது. அதற்குப் பின்னால் தகடே இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ கசக்கித் திணித்த செய்தித்தாள் இருந்தது. சினிமா விளம்பரம்கூடத் தெரிந்தது.

காரணம் சின்னது. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் வேப்பிலை சேர்ந்து வடிகால் அடைத்திருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, வருடக்கணக்கில் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கியிருக்கிறது.

அதற்கப்புறம் வெட்டு, ஒட்டு. உள்ளே வெல்டிங் வைத்த சூட்டில் வெளியே புது சிவப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கிரைண்டர் பொறி முன் கண்ணாடியில் பதிந்துவிட்டது. இன்றும் சாயங்கால வெயிலுக்கு எதிராக ஓட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரியும், பல்லைக் கடித்துக்கொள்வேன்.

போதாக்குறைக்கு, செலவு ஏறிவிட்டதே என்று கேஜுக்கு மலிவான தையல் குழாயை, அதாவது தகட்டைச் சுருட்டி ஓரத்தைப் பற்றவைத்த குழாயை, வாங்கினேன். போட்டிக்கு முந்தைய சோதனையில் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போடச் சொல்லி, கனத்தை அளந்து பார்த்து, காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஏ. கேட்பது தையல் இல்லாத கார்பன் ஸ்டீல் குழாய். ஓட்டுநருக்குப் பின்னால் வரும் பெரிய வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், இல்லையென்றால் 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். நீங்கள் ஓட்டப்போகும் போட்டியில் என்ன கேட்கிறார்கள் என்பதைக் குழாய் வாங்கும் முன்பே அவர்களின் விதிகளில் பாருங்கள். எனக்குக் கேஜை அறுத்தெடுத்து வேறு அடித்ததில் அந்த சீசனே போனது.

வரிசை இதுதான். சீட், கார்ப்பெட், தார் ஷீட் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஒரு காந்தத்தை பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. தரை, கதவுக்கு அடிப்பகுதி, சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் உட்காரும் இடம், ஜாக் வைக்கும் இடம் நான்கையும் திருப்புளியால் நன்றாகக் குத்துங்கள். துருவேறி உளுத்துப்போன இடத்தை வெட்டிப் புதுத் தகடு வையுங்கள். சிஓடூ வெல்டிங்காக இருக்கட்டும். மெல்லிய தகட்டில் ஆர்க் வைத்தால் பொத்தல்தான். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் எதையும் பற்றவைக்க வேண்டும். அடுத்தது கேஜ். அதற்கப்புறம் பிரேக், இன்ஜின், வயரிங். பிறகு ப்ரைமரோடு ஒரு போட்டி ஓட்டுங்கள். எப்படியும் முதல் போட்டியில் எதிலாவது உரசத்தான் போகிறீர்கள். பெயிண்ட் அதற்குப் பிறகு.

டீக்கடைப் பையன் மறுநாள் காரை எடுத்துக்கொண்டு வந்தான். கால்மிதியைத் தூக்கி, டிரைவர் காலடியில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை போனது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான்ணா இருந்துச்சு" என்றான்.

போல்ட் எல்லாம் ஒரே டப்பாவில்

வேண்டாம்.

பிரேக்குக்கு முன்னால் இன்ஜின்

ஹெட்டை இழைக்கலாமா, எந்த கார்புரேட்டர் போடலாம் என்று கேட்பவர்கள் பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 140க்கு இறங்கிவிடலாம். டாட் 4க்கு அது 230, 155. ரோட்டில் ஓட்டும்போது இந்த வித்தியாசம் உறைக்காது. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் ட்ராக்கில் நாலாவது சுற்றில் எனக்கு உறைத்தது. பெடல் பஞ்சு மாதிரித் தரைக்குப் போனது, கார் புல்லுக்குப் போனது. ஆயில், ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர்கள் இவை எல்லாவற்றையும் முதலில் புதிதாகப் போடுங்கள். குதிரைசக்தியை அப்புறம் பேசலாம்.

காயலான் கடை டயர்

பட்டன் நன்றாக இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். ரப்பர் கல்லாகியிருக்கும், வாங்க வேண்டாம்.

பெல்ட்

போட்டியில் ஓட்டுநரை சீட்டோடு கட்டும் பெல்ட்டின் லேபிளில் காலாவதி வருடம் இருக்கும். நண்பன் சும்மா கொடுத்தாலும் பாருங்கள்.

ஆர்.சி.

15 வருடம் தாண்டிய வண்டியா? புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டுப் பார்த்தேன்.